வேலைக்குப் போன பிறகு பல்லுக்கு கிளிப் போடலாமா?

'ஸ்கூல் படிக்கும்போதே போட்டிருக்கணும், இனிமேல் முடியாது' என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஈறும் எலும்பும் ஆரோக்கியமாக இருந்தால் எந்த வயதிலும் பற்களை நகர்த்தலாம்.

ஏன் இவ்வளவு நாள் ஆகுது?
கம்பி தரும் மெல்லிய அழுத்தத்தில் பல்லின் ஒரு பக்கம் எலும்பு கரைந்து, மறுபக்கம் புதிதாக உருவாகிறது. மாதத்துக்கு சுமார் 1 மி.மீ.தான் நகரும். அதனால் பெரும்பாலும் 18 முதல் 24 மாதங்கள் ஆகும்.

யாரிடம் போவது?
பி.டி.எஸ். முடித்து, 3 ஆண்டு எம்.டி.எஸ். ஆர்த்தோடான்டிக்ஸ் படித்தவரிடம். வாயைப் பரிசோதிக்காமல், எக்ஸ்ரே எடுக்காமல் அலைனர் தருகிறோம் என்றால் உஷார்!

வலிக்குமா?
முதல் சில நாள் வலிக்கும். இட்லி, தயிர் சாதம் என்று சமாளிக்கலாம். கம்பி கன்னத்தில் குத்தினால் டாக்டர் தரும் மெழுகை ஒட்டிக்கொள்ளுங்கள். முறுக்கு, கடலை மிட்டாய், ஐஸ் கட்டி வேண்டாம். ஆபீஸ் பையில் ஒரு பிரஷ் இருக்கட்டும். சரியாகத் துலக்காவிட்டால் கிளிப்பைச் சுற்றி வெள்ளைத் திட்டுகள் விழும்.

கழற்றிட்டா முடிஞ்சுதா?
இல்லை. பலர் கோட்டை விடுவது இங்கேதான். பற்கள் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். ரீட்டெய்னரை டாக்டர் சொல்லும் காலம் வரை முழுநேரமும், பிறகு பல ஆண்டுகள் இரவிலும் போட வேண்டும். விட்டுவிட்டால் இரண்டு வருட உழைப்பும் பணமும் வீண். ஆகவே கட்டணம் பேசும்போதே, 'ரீட்டெய்னரும் இதில் அடக்கமா?' என்று கேட்டுவிடுங்கள்.