அமைவுக் கோப்பு

ஒரு மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்பதை, அதன் நிரலில் கைவைக்காமல் வெளியிலிருந்தே சொல்லும் கோப்பு. துறையினர் பேச்சில் கான்ஃபிக் ஃபைல். எந்தத் தரவுத்தளத்தோடு இணைவது, பதிவுகளை எங்கே எழுதுவது போன்ற விவரங்கள் இதில் இருக்கும். மென்பொருள் தொடங்கும்போது இதைப் படித்து நினைவகத்தில் ஏற்றிக்கொள்கிறது. கோப்பைத் திருத்தியதும் பல மென்பொருள்களை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருப்பது இதனால்தான்.

1960களில் எம்.ஐ.டி.யின் சி.டி.எஸ்.எஸ். கணினி அமைப்பில், கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்து இயக்க 'ரன்காம்' என்ற வசதி இருந்தது. யூனிக்ஸ் அமைவுக் கோப்புகள் பலவற்றின் பெயர் இன்றும் 'ஆர்சி' என்று முடிவது அந்தப் பெயரின் எச்சம். யூனிக்ஸ் தன் அமைவுகளை 'இடிசி' என்ற கோப்புறையில் சாதாரண உரைக்கோப்புகளாக வைத்தது. அங்குள்ள 'பாஸ்வேர்டு' கோப்பில் பயனர் ஒருவருக்கு ஒரு வரி. முக்காற்புள்ளியால் பிரித்த ஏழு புலங்கள். எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். காலப்போக்கில் பல கோப்புகளில் '#' போட்டுக் குறிப்பெழுதும் வழக்கமும் வேரூன்றியது. அமைவின் பக்கத்திலேயே அதன் காரணத்தையும் எழுதிவைக்க முடிவதுதான் இந்த வடிவத்தின் உண்மையான பலம். பிறகு வருகிற நிர்வாகிக்கு மதிப்பைவிடக் காரணமே அதிகம் தேவைப்படும்.

விண்டோஸின் தொடக்கப் பதிப்புகளும் 'ஐ.என்.ஐ.' என்ற உரைக்கோப்புகளையே நம்பியிருந்தன. சதுர அடைப்புக்குள் பிரிவின் பெயர், கீழே சமக்குறியிட்ட வரிகள். ஆனால் அவை கணினி முழுதும் சிதறிக் கிடந்தன. பயனருக்குத் தக்கபடி பிரித்துவைப்பதும் கடினம். 1995இல் வந்த விண்டோஸ் 95 அமைவுகளை ரெஜிஸ்ட்ரி என்ற தரவுத்தளத்துக்கு மாற்றியது. ஒழுங்கு வந்தது, ஆனால் குறிப்பெழுத இடம் போயிற்று. திறந்து பார்க்கவே தனிக் கருவி தேவைப்பட்டது.

வலைக்காலத்தில் 1998இன் எக்ஸ்.எம்.எல்., அதன்பின் ஜேசான் ஆகியவை பரவின. ஜேசானில் குறிப்பு வரிகளே கிடையாது. சிலர் அவற்றில் நிரலுக்கான ஆணைகளை ஒளித்து எழுதியதைக் கண்டு, ஜேசானை வகுத்த டக்ளஸ் கிராக்ஃபோர்ட் அவற்றை நீக்கிவிட்டார். தரவுப் பரிமாற்றத்துக்கு அது சரியான முடிவு. மனிதர்கள் திருத்தும் அமைவுக் கோப்புக்கோ பெரும் இழப்பு.

2001இல் அறிமுகமான யாமெல் குறிப்புகளை அனுமதித்தது, படிக்கவும் எளிது. ஆனால் மேற்கோள்குறி இல்லாத சொல்லின் வகையை அது தானே ஊகிக்கும். நாட்டுக் குறியீடுகளின் பட்டியலில் நார்வேக்குரிய 'என்.ஓ.' என்ற இரண்டெழுத்தை, 1.1 பதிப்பின் விதிகள் ஆங்கிலத்தில் 'இல்லை' என்று பொருள்கொண்டு பொய் மதிப்பாக்கிவிடும். பதிப்பெண் 1.10 என்று எழுதினால் அது 1.1 ஆகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் ஆபத்து. 2009இன் 1.2 பதிப்பு நார்வேச் சிக்கலை நீக்கியும், பழைய விதியிலேயே நின்ற நூலகங்கள் பல.

கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் 2013இல் டாமெல் வடிவத்தை உருவாக்கினார். தோற்றம் ஐ.என்.ஐ.யை ஒத்தது, சொல்லுக்கு மேற்கோள்குறி கட்டாயம், '#' குறிப்புகளும் உண்டு. ரஸ்ட் மொழியின் தொகுப்பு மேலாளரான கார்கோ இதையே ஏற்றது. 2022இல் வெளியான பைத்தான் 3.11, டாமெலைப் படிக்கும் வசதியைத் தன் அடிப்படை நூலகத்திலேயே சேர்த்துக்கொண்டது.