அடைபட்ட கருக்குழாயும் ரண சிகிச்சையும்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

பெங்களூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டின் ஓசூர் எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஆனேக்கல் தாலுகாவில், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகிற ஊர்களின் அரசமரத்தடிகளில், மஞ்சளும் குங்குமமும் பூசிய நாகக்கற்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். அவற்றுட் பல, சந்தான பாக்கியம் வேண்டிப் பிரதிஷ்டை செய்யப்பட்டவை. பிள்ளையில்லாத குறையை நாகதோஷமென்றும் பூர்வஜன்ம கர்மமென்றும் கருதிவந்த நம் சமூகத்தில், அக்குறையின் பழி பெண்ணின் தலையிலேயே விழுந்தது. சுப காரியங்களில் ஒதுங்கி நிற்கவும், கணவனின் மறுமணத்தை வாய்திறவாது ஏற்கவும் நேர்ந்த அப்பெண்களுள் கணிசமானவர்களின் துன்பத்துக்குக் காரணம், நாலைந்து அங்குல நீளமுள்ள ஒரு குழாயின் அடைப்பே என்பதை வைத்திய சாஸ்திரம் அறிந்துகொண்டதும், அந்த அடைப்பை நீக்க அது செய்த பிரயத்தனங்களும், அவற்றில் அது அடைந்த தோல்விகளும் ஒரு நீண்ட சரித்திரமாகும்.

அந்தச் சரித்திரத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் சோதனைக்குழாய்ச் சிசுவின் ஜனனம் வரை ஒழுங்குபடுத்திக் காண்பதும், அதன் இந்தியப் பகுதியைத் தனியே எடுத்து ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம். அடைப்பைத் திறந்துவிட்டால் போதும் என்ற எண்ணம், குழாயின் தொழிலைக் காப்பாற்றுவதே சிகிச்சை என்ற எண்ணமாக மாறுவதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் பிடித்தன என்பதும், அந்த மாற்றமே இச்சரித்திரத்தின் சாரம் என்பதும் என் அபிப்பிராயம்.

குழாயின் இயல்பு

இத்தாலியின் பாதுவா நகரில் ஆசிரியராயிருந்த கேப்ரியேல் ஃபலோப்பியோ, 1561-ல் வெளியான தமது உடற்கூற்று நூலில் இக்குழாய்களைத் தெளிவாக விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே அவை ஃபெலோப்பியன் குழாய்கள் எனப்படுகின்றன. கர்ப்பப்பையின் இரு தோள்களிலிருந்தும் புறப்பட்டுச் சினைப்பையை நோக்கி நீளும் இவை ஒவ்வொன்றும் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுடையவை. கர்ப்பப்பையின் சுவரைத் துளைத்துச் செல்லுமிடத்தில் உட்துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மறுமுனையிலோ குழாய் விரிந்து, மெல்லிய விரல்களைப் போன்ற ஜாலர் அமைப்போடு முடிகிறது. சினைப்பையிலிருந்து வெளிப்படும் முட்டையை அவ்விரல்களே வாரியெடுக்கின்றன. உட்சுவரின் நுண்மயிர்கள் அதை உள்நோக்கித் தள்ளுகின்றன. அகன்ற நடுப்பகுதியில் கரு உற்பத்தியாகி, ஏறக்குறைய மூன்று நாட்கள் அங்கேயே போஷிக்கப்பட்டு, அதன்பின் கர்ப்பப்பையைச் சென்றடைகிறது. ஆகவே, உயிருள்ள இவ்வுறுப்பை வெறும் வழியாகப் பாவித்து, வழியைத் திறந்துவிட்டோம் என்று திருப்தியடைந்த சிகிச்சைகள் பலிக்காமற் போனதில் வியப்பில்லை.

ரண சிகிச்சையின் தொடக்கம்

1846-ல் ஈதர் மயக்கமருந்தும், 1867-ல் லிஸ்டரின் கிருமிநாசினி முறையும் பிரசித்தமான பிறகே வயிற்றைத் திறப்பது ஓரளவேனும் அச்சமற்ற காரியமாயிற்று. 1872-ல் எமில் நோக்கராத் என்னும் வைத்தியர், ஆண்களிடம் ஆறிவிட்டதாகத் தோன்றும் மேகவெட்டை நோய் மனைவியரிடம் மறைந்து வளர்ந்து மலட்டுத்தன்மையை உண்டாக்குகிறது என்று வாதித்தபோது, சக வைத்தியர்கள் அதை ஏற்கத் தயங்கினர். 1879-ல் நைசர் அந்நோயின் கிருமியைக் கண்டுபிடித்ததும் அவர் வாதம் வலுப்பெற்றது. குற்றமற்ற மனைவி, கணவனிடமிருந்து பெற்ற நோயால் பிள்ளைப்பேற்றை இழந்து, அதன் பழியையும் தானே சுமந்தாள் என்ற உண்மை அன்றுதான் சாஸ்திர பூர்வமாக வெளிப்பட்டது.

ஆயினும் அக்காலத்து ரண வைத்தியர்களின் கை, நோயுற்ற குழாயை வெட்டியெறிவதிலேயே பழகியிருந்தது. கருக்குழாயில் கர்ப்பம் தங்கி வெடித்த பெண்ணை 1883-ல் அறுவையால் காப்பாற்றிய பர்மிங்ஹாம் நகரத்து லாசன் டெய்ட், சீழ்கட்டிய குழாய்களை அகற்றுவதிலும் பெயர்பெற்றவர். அதே பத்தாண்டில் ஜெர்மானிய வைத்தியர் சிலர், நுனி ஒட்டிக்கொண்டு நீர்கோத்துப் பருத்த குழாயை அகற்றாமல், அதன் வாயைக் கீறி, ஓரங்களை வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையைக் கையாளத் துணிந்தனர். உறுப்பை நீக்குவதைவிடக் காப்பதே மேல் என்ற புதிய தர்மம் அவர்களிடமிருந்து தோன்றியது. ஆனால் தைத்த வாய் மீண்டும் மூடிக்கொண்டது, அல்லது திறந்தே இருந்தும் கர்ப்பம் தரிக்கவில்லை.

ரூபினின் சோதனை

குழாய் அடைபட்டிருக்கிறதா என்பதை வயிற்றைத் திறக்காமல் அறிய வழியில்லாத வரையில், அறுவையின் பலனை மதிப்பிடவும் வழியில்லை. 1914-ல் வெள்ளி கலந்த கொலார்கால் என்னும் கரைசலைக் கர்ப்பப்பையில் செலுத்தி எக்ஸ்ரே படமெடுக்கும் முயற்சி நடந்தது. அக்கரைசல் வயிற்றின் உட்படலத்தைப் புண்படுத்தியதால் கைவிடப்பட்டது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரியில் பணிபுரிந்த இசிடோர் ரூபின், 1919-ல் திரவத்துக்குப் பதிலாக வாயுவைச் செலுத்தும் யுக்தியைக் கையாண்டு, மறு ஆண்டில் அதை வெளியிட்டார்.

அச்சோதனையின் எளிமை வியக்கத்தக்கது. கர்ப்பப்பை வாயில் பொருத்திய சிறு குழல் வழியே வாயு மெல்லச் செல்ல, பாதரச மானியில் அழுத்தம் ஏறும்; குழாய் திறந்திருந்தால் ஓரளவில் நின்று சட்டென்று இறங்கும்; அடைபட்டிருந்தால் 200 மில்லிமீட்டரைத் தொட்டும் இறங்காது. அடிவயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கும் வைத்தியருக்கு வாயு வெளியேறும் ஓசை காதில் விழும்; அப்பெண் எழுந்து உட்கார்ந்ததும், வயிற்றுக்குள் சென்ற வாயு உதரவிதானத்தின் அடியில் தங்கித் தோள்பட்டையில் வலியை எழுப்பும். அந்தத் தோள்வலியே குழாய் திறந்திருப்பதற்குச் சாட்சி. முதலில் பிராணவாயுவைப் பயன்படுத்திய ரூபின், உடலில் விரைவாகக் கரையும் கரியமில வாயுவுக்குப் பின்னர் மாறினார். அதன் பிறகு அயோடின் கலந்த எண்ணெயைக் கொண்டு எடுக்கும் எக்ஸ்ரே படம், அடைப்பு எந்த இடத்தில் என்பதையும் காட்டிற்று.

சோதனை நுட்பமான பின், அறுவையின் தோல்வியும் நுட்பமாகத் தெரிந்தது. 1937-ல் அமெரிக்க வைத்தியர் கிரீன்ஹில் பலரது அனுபவங்களைத் திரட்டியபோது, அறுவை செய்துகொண்டவர்களில் கர்ப்பமானோர் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவே என்று தெரிய வந்தது. 1950-களில் பாஸ்டன் வைத்தியர்கள் பாலிதீன் உறைகளைத் திறந்த வாயின்மேல் தற்காலிகமாகப் பொருத்தி, காயம் ஆறும்வரை ஒட்டாமல் காக்க முயன்றனர்; இம்முறை நெடுநாள் வழக்கிலிருந்தும், எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

இந்தியாவில்

கோவாவின் ஷிரோடா கிராமத்தில் 1899-ல் பிறந்து, பம்பாய் கிராண்ட் வைத்தியக் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கிய வி. என். ஷிரோத்கர், தளர்ந்த கர்ப்பப்பை வாயைக் கட்டிக் கருச்சிதைவைத் தடுக்கும் முறைக்காக உலகமெங்கும் அறியப்பட்டவர். அவரே கருக்குழாய்ச் சீரமைப்பிலும் ஈடுபட்டு, 1960-களின் நடுவில் தமது அனுபவங்களையும், எந்தக் காரணங்களால் அறுவை பலிக்கிறது அல்லது தவறுகிறது என்பதையும் அயல்நாட்டுச் சஞ்சிகைகளில் எழுதினார். பலித்தவற்றை மட்டும் பறைசாற்றாமல் தவறியவற்றின் காரணத்தையும் தேடிய அந்த மனோபாவம் போற்றத்தக்கது.

நம் தேசத்து வைத்தியர் எதிர்கொண்ட சத்துரு வேறு. மேலைநாடுகளில் மேகவெட்டையும் பிற கிருமிகளும் செய்த நாசத்தை, இங்கே பெருமளவில் க்ஷயரோகம் செய்தது. நுரையீரலிலிருந்து இரத்தத்தின் வழியே பரவும் அந்நோய், பிறப்புறுப்புகளைத் தாக்கும்போது ஏறக்குறைய எப்போதும் கருக்குழாய்களையே முதலில் பற்றுகிறது. இருமலுமில்லை, காய்ச்சலுமில்லை, மாதவிலக்குக்கூட முறையாக இருக்கலாம், கல்யாணமாகிப் பல ஆண்டுகள் கழிந்து, எக்ஸ்ரே படத்தில் குழாய் மணிகோத்ததுபோல் முடிச்சு முடிச்சாகத் தெரியும்போதுதான் நோய் வெளிப்படுகிறது. 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் தோன்றிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தபடியே மருந்துண்பது சானடோரியத்தில் தங்குவதற்குச் சமமான பலன் தருமென்று 1959-ல் உலகுக்கு நிரூபித்தது. அம்மருந்துகள் கிருமியைக் கொன்றன. தழும்பேறிய குழாயை மட்டும் மீட்க முடியவில்லை. அத்தகைய குழாயைக் கத்தியால் திறப்பது பயனற்றது, சமயத்தில் அடங்கிய நோயைக் கிளறவும் செய்யும் என்பது அனுபவத்தில் தெளிந்தது. 1935-ல் பெங்களூரில் திறக்கப்பட்ட வாணி விலாஸ் ஆஸ்பத்திரியைப் போன்ற பொது ஆஸ்பத்திரிகளை நாடிய கிராமத்துப் பெண்களுக்கு, ரண வைத்தியரின் திறமையைவிட, நோயைக் காலத்தே கண்டுபிடிப்பதே பெரிய உபகாரமாயிருந்திருக்கும்.

நுண் அறுவை

1960-களில் ஸ்வீடன் தேசத்துக் கோத்தன்பர்க் நகரத்தின் குர்ட் ஸ்வோலின், திசுவை நோகாமல் கையாள்வதே வெற்றியின் மூலம் என்று வற்புறுத்தினார். உருப்பெருக்கிக் கண்ணாடி, ஊசிமுனையளவு மின்முனை, பஞ்சுத் துணியால் துடைப்பதற்குப் பதிலாக இடைவிடாத நீரூற்றல், இடுக்கிக்குப் பதிலாக வழுவழுப்பான கண்ணாடிக் கோல் ஆகியவை அவரது முறையின் அங்கங்கள். கையுறையில் ஒட்டிய மாவுப்பொடிகூட வயிற்றுக்குள் உறுத்தி ஒட்டுதலை உண்டாக்குமென்று அதைக் கழுவிவிடும் அளவுக்கு இம்முறையில் எச்சரிக்கை வளர்ந்தது. 1970-களில் கனடாவின் வான்கூவரில் விக்டர் கோமலும், லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் ராபர்ட் வின்ஸ்டனும் நுண்ணோக்கியின் கீழ், கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் மெல்லிய நைலான் இழையால் குழாயின் இரு முனைகளை இணைத்தனர். குடும்பக் கட்டுப்பாட்டிற்காகக் கட்டப்பட்ட குழாயை மறுபடி இணைத்தபோது, பாதிக்கு மேற்பட்ட பெண்கள் கர்ப்பமடைந்தார்கள். நுனி ஒட்டி, நுண்மயிர்கள் அழிந்த குழாயிலோ இந்த நுட்பத்தாலும் அவ்வளவு பலன் கிட்டவில்லை. ஆரோக்கியமான குழாயில் நேர்ந்த வெட்டை இணைக்க மனிதக் கரத்தால் முடியும். நோய் அழித்த உட்சுவரைப் படைக்க முடியாது என்னும் எல்லைக்கோடு அன்று வரையப்பட்டது.

மறு இணைப்பின் அவசியம் இந்தியாவில் எத்தகையது என்பதை 2004 டிசம்பர் 26-ம் தேதிய ஆழிப்பேரலை காட்டிற்று. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் ஏறத்தாழ 6,000 உயிர்கள் பறிபோயின. மாண்டவர்களில் குழந்தைகள் மிகுதி. இரண்டு பிள்ளைகளோடு போதுமென்று, அரசாங்கத்தின் யோசனைப்படி கருத்தடை செய்துகொண்ட தாய்மார்கள் ஒரே காலைப்பொழுதில் அத்தனை பிள்ளைகளையும் இழந்து நின்றார்கள். அவர்களுக்கு மறு இணைப்பு அறுவையை இலவசமாகச் செய்துதர தமிழ்நாடு அரசு ஏற்பாடு செய்தது. புறக்கணிக்கப்பட்டு வந்த ஒரு ரண சிகிச்சை, கடற்கரைக் குப்பங்களின் துயரத்துக்கு நடுவே மீண்டும் நினைவுகூரப்பட்டது.

குழாயைத் தாண்டிய வழி

இங்கிலாந்தின் ஓல்டாமில் 1978 ஜூலை 25-ல் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அவள் தாயின் குழாய்கள் அடைபட்டவை. முன்னரே செய்த அறுவையும் பலன் தரவில்லை. பாட்ரிக் ஸ்டெப்டோவும் ராபர்ட் எட்வர்ட்ஸும் குழாயைச் சரிசெய்ய முயலாமல், அதன் தொழிலையே உடலுக்கு வெளியே கண்ணாடிப் பாத்திரத்தில் நடத்திக் காட்டினர். எழுபது நாட்களுக்குப் பின், அக்டோபர் 3-ம் தேதி, கல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்ச் சிசு ஜனித்தது. அங்கும் தாயின் குறை சேதமுற்ற கருக்குழாய்களே. அரசாங்கம் நியமித்த குழு அவரை நம்ப மறுத்தது. 1981-ல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-ல் பம்பாயில் இந்திரா ஹிந்துஜாவோடு சேர்ந்து சோதனைக்குழாய்ச் சிசுவின் ஜனனத்தைச் சாதித்த டி. சி. ஆனந்தகுமாரே, முகர்ஜியின் குறிப்புகளைப் பரிசீலித்து, முதன்மை அவருக்கே உரியதென்று 1997-ல் பெங்களூரிலிருந்து வெளிவரும் ‘கரண்ட் சயின்ஸ்’ சஞ்சிகையில் எழுதினார். தமக்கு உரியதாகக் கருதப்பட்ட பெருமையைத் தாமே முன்வந்து வேறொருவருக்கு அளித்த அச்செயல், வைத்திய சரித்திரத்தில் அபூர்வமானது.

புதிய முறை பரவியபின் ரண சிகிச்சை மறைந்துபோகவில்லை. அதன் கடமை மாறிற்று. நீர்கோத்த குழாயிலிருந்து கசியும் திரவம் கர்ப்பப்பையில் கரு தங்குவதைக் கெடுக்கிறது என்பது தெரிந்து, அத்தகைய குழாயை முன்கூட்டி அகற்றினால் சோதனைக்குழாய் முறையின் பலன் கூடுமென்று 1999-ல் ஸ்காண்டிநேவிய ஆராய்ச்சியொன்று காட்டியது. காக்கத்தக்க குழாயைக் காப்பதும், காக்கத்தகாததை அகற்றுவதும் ஒரே கையின் இரு வேலைகளாயின.

முடிபு

மேற்கண்ட ஆராய்ச்சியால் தெளிவாகும் முடிபு இது: எந்தக் குழாய்க்கு எந்தச் சிகிச்சை என்று பகுத்தறியும் விவேகமே இந்த நூற்றாண்டுக் காலப் பிரயத்தனத்தின் உண்மையான சம்பாத்தியம். இளம் வயதும், நோயற்ற குழாயும், கட்டப்பட்ட இடத்தில் மட்டும் தடையும் உள்ள பெண்ணுக்கு ஒரே அறுவை போதுமாயிருக்க, பெரும் பொருட்செலவுள்ள சோதனைக்குழாய் முறையை மட்டுமே அவளுக்குக் காட்டுவது அநீதி. அவ்வாறே, க்ஷயம் தின்ற குழாயைத் திறந்து தருவதாக ஆசைகாட்டுவதும் அநீதி. ஆனேக்கல் போன்ற தாலுகாக்களின் அரசு ஆஸ்பத்திரிகளில், அடிவயிற்று நோய்களையும் க்ஷயரோகத்தையும் தொடக்கத்திலேயே கண்டு மருந்தளிக்கும் ஏற்பாடும், பிள்ளையில்லாத தம்பதிகள் இருவரையும் ஒருசேரப் பரிசோதிக்கும் வழக்கமும் உறுதிப்பட்டால், கத்தியையோ கண்ணாடிப் பாத்திரத்தையோ நாட வேண்டிய அவசியமே பலருக்கு ஏற்படாது. சரித்திரம் நமக்கு இடும் கட்டளை அதுவே.