டூ (ஆங்கில வினைச்சொல்)

டூ: 'செய்' எனப் பொருள்படும் ஆங்கில வினைச்சொல். தனக்கென்று பொருள் ஏதுமில்லாத துணைவினையாகவும் வழங்குகிறது. 'தெரியுமா' என்று கேட்கத் தமிழுக்கு ஓர் ஆகாரம் போதும். ஆங்கிலத்துக்கு 'டூ யூ நோ' என்று ஒரு வினையே முன்னால் வந்து நிற்க வேண்டும். காலத்தையும் அதுவே சுமப்பதால்தான் 'டிட் யூ வென்ட்' என்று எழுதும் மாணவருக்குச் சிவப்பு மை விழுகிறது.

இச்சொல்லின் இந்தோ-ஐரோப்பிய வேருக்கு 'வை' என்று பொருள். தமிழில் வழங்கும் வடசொற்களான விதி, நிதி ஆகியவையும் அந்த வேரில் கிளைத்தவை. பழைய ஆங்கிலத்திலும் 'வை' என்னும் பொருள் இருந்தது. 'டூ ஆன்' சுருங்கி 'டான்' (அணி) ஆயிற்று. 'டூ ஆஃப்', 'டாஃப்' (கழற்று) ஆயிற்று. விளக்கை அணைக்க 'டவுட்', கதவைத் திறக்க 'டப்' என்ற அழகான இரு சொற்களும் இவ்வாறே பிறந்து, பொதுவழக்கிலிருந்து மறைந்தன. 'டாஃப்' வழக்கிழந்தது, நாட்டுப்புறத்தார் மட்டுமே சொல்வது என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதியில் எழுதினார். வால்டர் ஸ்காட்டின் நாவல்கள் அதற்கு மறுவாழ்வு தந்தன.

துணைவினையான 'டூ' தோன்றிய விதம் குறித்துக் கருத்தொற்றுமை இல்லை. 'செய்வி' என்னும் பிறவினைப் பொருளிலிருந்து, 13ஆம் நூற்றாண்டில், தென்மேற்கு இங்கிலாந்தின் எதுகைச் செய்யுள்களில் அது உருவாயிற்று என்பது ஸ்வீடன் அறிஞர் ஆல்வர் எல்லெகோர்டின் (1953) கருத்து. வேல்ஸ், கார்னிஷ் மொழிகளிலும் 'செய்' துணைவினையாக வருவதால், கெல்டிக் மொழிகளின் தாக்கம் என்பர் வேறு சிலர். ஜெர்மன் வட்டார வழக்குகளிலும் இத்தகைய வழக்கு உண்டு என்பதையும் கருத வேண்டும்.

மிகுதியான சான்றுகள் கிடைப்பது 16ஆம் நூற்றாண்டுக்கே. எதிர்மறை வினாக்களில் 'டூ' விரைவாக வேரூன்றியது. எதிர்மறைக் கூற்றுகளில் தயங்கித் தயங்கியே நுழைந்தது. சாதாரண உடன்பாட்டு வாக்கியங்களிலும் அது பரவி, அந்நூற்றாண்டின் மூன்றாம் கால் பகுதியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை எட்டியபின் தேய்ந்தது. 1611ஆம் ஆண்டு விவிலியத்தில் 'டிட் ஈட்' அடிக்கடி வருகிறது. அக்காலத்தில் 'ஈட்' என்பதன் இறந்தகால வடிவமும் அதே எழுத்துகளில் எழுதப்பட்டதால், குழப்பம் தவிர்க்க அவ்வாறு எழுதியிருக்கலாம். 'நோ' (அறி), 'டவுட்' (ஐயுறு) போன்ற சில வினைகள் நெடுநாள் அடம்பிடித்தன. ஷேக்ஸ்பியரிடம் 'ஐ நோ நாட்', 'ஐ டூ நாட் நோ' இரண்டுமே உண்டு.

'ஐ டூ லவ்' என அழுத்தமின்றிச் சேர்ப்பது பிழைவழக்கு எனக் கருதப்படுவதாக ஜான்சன் குறித்தார். டார்செட், சாமர்செட் வட்டார வழக்குகளில் அது தொடர்ந்தது.

20ஆம் நூற்றாண்டில் 'டூ யூ ஹேவ்' என்னும் அமெரிக்க வழக்கு பிரிட்டனிலும் பரவியது. 'இரு' எனப் பொருள்படும் 'பி', 'டோன்ட் பி' போன்ற ஏவல்களில் தவிர, இன்றும் பொதுவாக 'டூ'வை ஏற்பதில்லை.