வட கரோலினாவின் மனமாற்றம்: அமெரிக்க செனட் பிறந்த இரண்டு வாரங்கள்

அமெரிக்க நாடாளுமன்றம் ஏன் இப்படி அமைந்தது என்ற கேள்விக்குப் பாடநூல்கள் சுருக்கமான விடை ஒன்று வைத்திருக்கின்றன. பெரிய மாநிலங்கள் மக்கள்தொகைக்கு ஏற்ப இடம் கேட்டன. சிறியவை சம இடம் கேட்டன. கீழவையை ஒருவருக்கும் மேலவையை மற்றவருக்குமாகப் பிரித்து வழக்கைத் தீர்த்தார்கள். அதற்குக் கனெக்டிகட் சமரசம் என்று பெயர். இந்த விடை பொய்யல்ல. ஆனால் 1787ஆம் ஆண்டு கோடையில் பிலடெல்பியாவில் நடந்த வாக்கெடுப்புகளை நாள்வாரியாக அடுக்கிப் பார்த்தால் கணக்கில் ஒரு தொகை விடுபட்டிருப்பது தெரியும். அது அடிமைகளைப் பற்றியது.

அரசமைப்பை வகுத்த அந்த மாநாடு கதவடைத்து நடந்தது. பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. நமக்குக் கிடைக்கும் முழுமையான பதிவு வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் எழுதிவைத்த குறிப்புகள். அவர் 1836இல் இறந்தார். குறிப்புகள் 1840இல்தான் அச்சேறின. இறப்பதற்கு முன் அவற்றை அவரே திருத்தியும் இருக்கிறார். ஆகவே பேச்சுகளைவிட வாக்குக் கணக்கை நம்புவதே பாதுகாப்பு. இக்கட்டுரை பெரிதும் அதையே பின்தொடர்கிறது.

இரண்டு அவைகள் வேண்டுமா என்பதில் சண்டையே இருக்கவில்லை. அதுவரை நடப்பில் இருந்த கூட்டமைப்பு விதிகளின்படி ஒரே அவைதான். அதில் மாநிலத்துக்கு ஒரு வாக்கு. ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் தத்தம் ஆட்சியில் ஈரவைகளைப் பார்த்துப் பழகியவை. மே 29 அன்று எட்மண்ட் ராண்டால்ஃப் முன்வைத்த வர்ஜீனியாத் திட்டம் ஈரவைகளைக் கேட்டது. இரண்டு நாளில் அது விவாதமின்றி ஏற்கப்பட்டது. தகராறு வந்தது அந்த அவைகளில் யாருக்கு எத்தனை இடம் என்பதில். வர்ஜீனியாத் திட்டம் இரண்டு அவைகளிலுமே விகிதாசாரம் கேட்டது. ஜூன் 15 அன்று வில்லியம் பேட்டர்சன் கொண்டுவந்த நியூஜெர்சித் திட்டம் பழைய ஒற்றை அவையையும் சம வாக்கையும் காக்க முயன்று நான்கே நாளில் தோற்றது. டெலவேர் தன் பேராளர்களை அனுப்பும்போதே சம வாக்கை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கையைக் கட்டி அனுப்பியிருந்தது. ஜூன் 11 அன்றே கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன் ஓர் அவையில் விகிதாசாரம், மற்றதில் சமத்துவம் என்று சொல்லிப் பார்த்தார். அன்று அது வாக்கில் தோற்றது.

ஜூன் 30 அன்று மேடிசன் பேசியதை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். மாநிலங்களைப் பிரிக்கும் உண்மையான கோடு பெரியது சிறியது என்பதல்ல, அடிமை முறை உள்ளவை, இல்லாதவை என்பதே என்றார் அவர். ஓர் அவையில் சுதந்திரக் குடிகளை மட்டும் எண்ணலாம், மற்றதில் அடிமைகளையும் முழுமையாக எண்ணலாம் என்ற ஒரு யோசனை தனக்குத் தோன்றியதாகவும் சொல்லி, அதைத் தானே தள்ளிவைத்தார். ஈரவை அமைப்பு என்பதே வேறொரு வடிவில் அடிமை முறைக்கான சமரசமாகப் பிறந்திருக்கலாம் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

ஜூலை 2, திங்கட்கிழமை. மேலவையில் சம வாக்கு வேண்டுமா என்ற கேள்விக்கு மாநிலங்கள் வாக்களித்தன. கனெக்டிகட், நியூயார்க், நியூஜெர்சி, டெலவேர், மேரிலாந்து ஆகிய ஐந்தும் வேண்டும் என்றன. மாசசூசெட்ஸ், பென்சில்வேனியா, வர்ஜீனியா, இரு கரோலினாக்கள் ஆகிய ஐந்தும் வேண்டாம் என்றன. ஜார்ஜியாவின் பேராளர்கள் இரு பக்கமாகப் பிரிந்ததால் அதன் வாக்கு செல்லவில்லை. ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. நியூ ஹாம்ப்ஷயர் ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை.

முட்டுக்கட்டையை நீக்க மாநிலத்துக்கு ஒருவராகப் பதினொருவர் குழு அமைந்தது. எல்பிரிட்ஜ் ஜெரி தலைவர். சம வாக்கை வலுவாக எதிர்த்த மேடிசனும் ஜேம்ஸ் வில்சனும் அதில் இல்லை. விட்டுக்கொடுக்கக்கூடியவர்களையே தேர்ந்தெடுத்தார்கள் என்று கொள்வதே பொருத்தம். ஜூலை 5 அன்று குழு தந்த அறிக்கையில் மூன்று சரக்குகள் ஒரே கட்டில் இருந்தன. மேலவையில் சம வாக்கு. பண மசோதாக்கள் கீழவையில் மட்டுமே தோன்ற வேண்டும் என்ற, பெரிய மாநிலங்களுக்கான சலுகை. கீழவையில் 40,000 பேருக்கு ஓர் உறுப்பினர். அந்த எண்ணிக்கையில் அடிமைகள் ஐந்துக்கு மூன்று என்று சேர்க்கப்படுவர். இந்தப் பின்னம் புதிதல்ல. 1783இல் மாநிலங்களுக்கு வரிப் பங்கு பிரிப்பதற்காக வகுக்கப்பட்டது. வரி கட்டும்போது அடிமைகளைக் குறைத்து எண்ணச் சொன்ன தெற்கு, இடம் வாங்கும்போது கூட்டி எண்ணச் சொன்னது.

அடிமைகளைச் சொத்தாக வைத்திருக்கும் மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டமன்றங்களில் அவர்களுக்குப் பிரதிநிதித்துவம் தராதபோது இங்கே மட்டும் ஏன் தர வேண்டும் என்று ஜூலை 9 அன்று பேட்டர்சன் கேட்டார். அதற்கு நேர்மையான பதில் எவரும் சொன்னதாகப் பதிவில் இல்லை. ஜூலை 12 அன்று வட கரோலினாவின் வில்லியம் டேவி எழுந்து, அடிமைகளைக் குறைந்தது ஐந்துக்கு மூன்று என்ற விகிதத்திலாவது எண்ணாவிட்டால் தன் மாநிலம் ஒன்றியத்தில் சேராது என்றார். அன்றே அந்த விதி நிறைவேறியது. டேவி ஜெரி குழுவிலும் இருந்தவர்.

நான்கு நாள் கழித்து, ஜூலை 16 அன்று, முழுக் கட்டும் வாக்குக்கு வந்தது. ஆம் என்றவை ஐந்து: கனெக்டிகட், நியூஜெர்சி, டெலவேர், மேரிலாந்து, வட கரோலினா. இல்லை என்றவை நான்கு: பென்சில்வேனியா, வர்ஜீனியா, தென் கரோலினா, ஜார்ஜியா. மாசசூசெட்ஸ் இரண்டாகப் பிளந்தது. நியூயார்க்கின் இரு பேராளர்கள் சில நாள் முன்பே கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

இரண்டு வாக்கெடுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதிர்ப்பிலிருந்து முழுமையாக ஆதரவுக்கு மாறிய மாநிலம் ஒன்றே ஒன்று. வட கரோலினா சிறிய மாநிலமும் அல்ல. அது ஜூலை 2 அன்று நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் கணக்கு நான்குக்கு ஐந்தாகித் தீர்மானம் தோற்றிருக்கும். டேவிக்கு வேண்டியது ஜூலை 12 அன்று கிடைத்தது. அவருடைய மாநிலத்தின் வாக்கு ஜூலை 16 அன்று விழுந்தது. இது நேரடிச் சான்றல்ல, ஊகம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாட்களின் வரிசையும், ஒரே கட்டாக வாக்கெடுத்த முறையும் அந்த ஊகத்துக்கு நல்ல பலம் தருகின்றன. மறுநாள் காலை பெரிய மாநிலத்தவர் தனியே கூடிப் பேசினார்கள். ஒரு முடிவுக்கும் வராமல் கலைந்தார்கள்.

இந்தப் பேரத்துக்கு விலை கொடுத்தவர்கள் அந்த அறையில் இல்லை. 1790 கணக்கெடுப்பில் நாட்டின் 39 லட்சம் பேரில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அடிமைகள். வர்ஜீனியாவில் மட்டும் 2,92,627 பேர். அவர்களுக்கு வாக்கில்லை. அவர்கள் பேரால் எசமானர்களுக்குக் கூடுதல் இடங்கள் கிடைத்தன. அத்தனைக்குப் பிறகும் வடக்கின் மக்கள்தொகை முந்தியதால் கீழவை தெற்கின் கையை விட்டு நழுவியது. அப்போது சிறிய மாநிலங்களுக்கென்று கட்டிய மேலவையே அடிமை முறைக்கு அரணானது. 1819இல் மிசூரியில் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் டால்மட்ஜ் திருத்தத்தைக் கீழவை நிறைவேற்றியது. செனட் அதை நிராகரித்தது.

அந்தக் கட்டின் ஒரு சரக்கான ஐந்துக்கு மூன்று கணக்கை உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் வந்த 14ஆம் திருத்தம் நீக்கியது. செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கும் முறையும் 1913இல் போய், மக்களே வாக்களிக்கும் முறை வந்தது. சம இடம் மட்டும் அசையவில்லை, அசைக்கவும் முடியாது. எந்த மாநிலத்தின் சம வாக்கையும் அதன் சம்மதமின்றிப் பறிக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு பூட்டுப் போட்டிருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி கலிஃபோர்னியாவில் 3,95,38,223 பேர்; வயோமிங்கில் 5,76,851 பேர். இரண்டுக்கும் செனட்டில் ஆளுக்கு இரண்டு இடங்கள்.