பன்றிக்கு எந்தத் தோட்டா?

என் நாவல் ஒன்றில் கதாநாயகன் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்துக்குப் போய் ஒரு பண்ணையில் வேலைக்கு அமர்கிறான். ஒரு நாள் அந்தி மயங்கும் வேளையில் காட்டுப் பன்றி ஒன்று அவன்மேல் பாய்ந்து வருகிறது. இடுப்பிலிருந்த 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியை உருவி ஒரே ஒரு முறை சுடுகிறான். பன்றி சுருண்டு விழுகிறது. அத்தியாயமும் முடிகிறது. எழுதி முடித்தபோது எனக்குப் பரம திருப்தி.

புத்தகம் வெளியான இரண்டாம் மாதம் டெக்ஸாஸிலேயே குடியிருக்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதினார். "ஐயா, தாங்கள் துப்பாக்கியும் பார்த்ததில்லை, பன்றியும் பார்த்ததில்லை என்று தெரிகிறது. உங்கள் கதாநாயகன் இந்நேரம் ஆஸ்பத்திரியில் அல்லவா இருக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தார். பன்றி நான் பார்த்திருக்கிறேன். மற்றது உண்மைதான். ஆகவே ரோஷம் வந்து படிக்க உட்கார்ந்தேன். கல்லூரியில் பௌதிகத்தில் நான் வாங்கிய மார்க்கை இங்கே வெளியிடும் உத்தேசமில்லை. ஆனாலும் விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

பன்றி அமெரிக்காவின் சொந்தப் பிராணி அல்ல. 1539-ல் டி ஸோட்டோ என்ற ஸ்பானியத் தளபதி பொன் தேடி ஃபுளோரிடாவில் இறங்கியபோது, படைக்கு ஆகாரமாக ஒரு பன்றி மந்தையையும் ஓட்டி வந்தான். பொன் கிடைக்கவில்லை. மூன்று வருஷம் அலைந்து, 1542-ல் மிஸிஸிப்பி நதிக்கரையில் ஜுரம் கண்டு அவன் இறந்தபின் ஏலத்துக்கு வந்த சொத்தில் 700 பன்றிகள் இருந்தன! வழியில் தப்பிப் போனவை வேறு. பின்னால் குடியேறியவர்கள் அவிழ்த்துவிட்ட வீட்டுப் பன்றிகளும், 1912-ல் வட கரோலினா மலையில் வேட்டைக்கென்று கொண்டுவந்து விட்ட ஐரோப்பியக் காட்டுப் பன்றிகளும் கலந்து பெருகின. இன்று 60 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது அந்நாட்டு விவசாய இலாகாவின் மதிப்பு. ஒரே இரவில் ஒரு வயலை உழுது போட்டுவிடும். டெக்ஸாஸில் 2019 முதல், நிலத்துக்காரர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் பன்றி சுட லைசென்ஸ்கூட வேண்டியதில்லை.

ரைபிள் இருக்கக் கைத்துப்பாக்கி எதற்கு என்று நானும் கேட்டேன். அடர்ந்த புதருக்குள் நாய்கள் பன்றியை வளைத்து நிறுத்தும்போது நீளமான ரைபிளைத் திருப்ப இடம் இராதாம். அங்கேதான் அந்தப் பழைய சர்ச்சை வருகிறது: கனத்த குண்டு மெதுவாகப் போவது நல்லதா, லேசான குண்டு விரைந்து போவது நல்லதா?

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள், தங்கள் .38 ரிவால்வரின் குண்டை வாங்கிக்கொண்டும் மோரோ வீரன் வாளோடு வந்துகொண்டே இருக்கிறான் என்று முறையிட்டார்கள். 1904-ல் தாம்ஸன் என்ற ராணுவ அதிகாரியும் லா கார்ட் என்ற ராணுவ வைத்தியரும் சிகாகோவின் கசாப்புத் தொழுவங்களில் உயிருள்ள மாடுகளைப் பல அளவுக் குண்டுகளால் சுட்டுப் பார்த்தார்கள். மனிதப் பிணங்களையும் விடவில்லை. அந்த விவரங்களைப் படித்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. .45 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்பது அவர்கள் முடிவு. 1911-ல் ஜான் பிரௌனிங் வகுத்த கைத்துப்பாக்கி அந்த அளவில் ராணுவத்துக்குள் நுழைந்தது. ஒரு முறை சுட்டதும், வெறும் கூட்டை உதறிவிட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். குண்டின் எடை 230 கிரெயின், அதாவது சுமார் 15 கிராம்; வேகம் வினாடிக்கு 830 அடி. கனம் உண்டு, வேகம் இல்லை.

இரண்டும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்களில் ஒருவர், மரீன் படையில் இருந்த ஜெஃப் கூப்பர். அவர் யோசனையின் பேரில் 1983-ல் 'பிரென் டென்' என்ற 10 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி பிறந்தது. 200 கிரெயின் குண்டு, 1200 அடி வேகம். பலம் பழைய .45-ஐப் போல ஒன்றே முக்கால் மடங்கு. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கதாநாயகன் கையில் அது ஜொலித்தது. பணம் கட்டி வாங்கியவர்களில் பலருக்கோ தோட்டா அடுக்கும் மாகஸின் வந்து சேரவில்லை! 1986-ல் கம்பெனி திவாலாயிற்று.

அதே வருஷம் ஏப்ரல் 11-ந் தேதி, மியாமி நகரில் இரண்டு கொள்ளைக்காரர்களை எஃப்.பி.ஐ. ஏஜெண்டுகள் எட்டுப் பேர் எதிர்த்தார்கள். ஒரு 9 மில்லிமீட்டர் குண்டு கொள்ளைக்காரன் ஒருவனுடைய கையைத் துளைத்து, மார்பில் புகுந்து, இருதயத்தைத் தொடுமுன் நின்றுவிட்டது. அவன் அதன் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். ஏஜெண்டுகளில் இருவர் மாண்டார்கள். அதன்பின் எஃப்.பி.ஐ. தேடிப் போனது 10 மில்லிமீட்டரைத்தான். ஆனால் முழு வேகத்தில் உதை அதிகம் என்று வேகத்தைக் குறைத்தார்கள். குறைந்த மருந்துக்கு அத்தனை நீளக் கூடு எதற்கு என்று 1990-ல் கூட்டையும் வெட்டி .40 என்று விற்றார்கள். கடைசியில் எஃப்.பி.ஐ. 9-க்கே திரும்பிவிட்டது. மனிதனுக்கு மிஞ்சிப்போன அந்தத் தோட்டாவை ஆதரித்தவர்கள் வேட்டைக்காரர்கள்.

பன்றி விஷயத்தில் கணக்கு வேறு. வயதான ஆண் பன்றியின் தோளைச் சுற்றித் தோலுக்கடியில் கேடயம் போல் ஒரு தடித்த நார்க்கவசம் இருக்கிறது. ஆண்கள் ஒன்றையொன்று தந்தத்தால் குத்திச் சண்டையிடும்போது அதுதான் காப்பு. இருதயமோ நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. கீழே, முன்னங்கால்களுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கிறது. மனிதர்களுக்கென்று செய்த குழி முனைக் குண்டு, உள்ளே போனதும் பூப்போல் விரிந்து நின்றுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கவசத்தில் பட்டால் விரிய வேண்டிய இடத்துக்கு முன்பே விரிந்துவிடும். அப்புறம் பன்றி சாகாது. புதருக்குள் ஓடி, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துச் சாகும். எனக்கு இந்த இடம்தான் பொறுக்கவில்லை. பயிரைக் காப்பாற்றச் சுடுவது ஒரு காரியம். தப்பான தோட்டாவால் சித்திரவதை செய்வது வேறு காரியம்.

என்னைக் கேட்டால், விரியாத கெட்டி ஈயக் குண்டு போட்ட 10 மில்லிமீட்டர், அதுவும் இருபது கஜத்துக்குள். உதை தாங்காத கைக்கு .45 மேல், கை நடுங்கிச் சுடும் பெரிய தோட்டாவைவிட, குறி வைத்த இடத்தில் படும் சிறியது நல்லது. 9-ஐ வைத்துக்கொண்டு பெரிய ஆண் பன்றியிடம் போகவே கூடாது.

இவ்வளவும் கற்றபின் இரண்டாம் பதிப்பு வந்தது. கதாநாயகன் ஏழை, அவன் கையில் இருப்பது 9 தான், அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அவன் சுடுகிறான். பன்றி அவனைத் தள்ளிவிட்டுப் புதருக்குள் ஓடுகிறது. விளக்கை எடுத்துக்கொண்டு ரத்தச் சுவடு பார்த்து இரவெல்லாம் அதன் பின்னால் போகிறான். அத்தியாயம் நாலு பக்கம் நீண்டுவிட்டது. பிரசுரகர்த்தர் காகித விலையைப் பற்றி என்னிடம் அரை மணி நேரம் பேசினார்.