சுவரில் பூசிய வெள்ளைக்கரு

காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் ஊர்களில் கொத்தமங்கலமும் ஒன்று. இந்த வட்டாரத்துப் பழைய வீடுகளின் உட்சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும், விரல் வழுக்கும். சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, மைபோல அரைத்து, அடுக்கடுக்காகப் பூசுவார்கள். கடுக்காயும் பனைவெல்லமும் சாந்தில் சேரும். கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து, வழவழப்பான கல்லால் பளபளக்கும்வரை தேய்ப்பார்கள்.

வெள்ளைக்கருவின் புரதங்களில் பெரும்பங்கு ஓவல்புமின். புரதத்தின் மேனியெங்கும் நேர், எதிர் மின்னூட்டங்கள் பரவிக் கிடக்கின்றன. சுற்றியுள்ள நீரின் புளிப்பும் காரமும் மாறினால் அவற்றின் கணக்கும் மாறும். புளிப்பு-கார அளவான பி.எச். 4.5-ஐ ஒட்டி ஓவல்புமினில் இரண்டும் சரிக்குச் சரி. சுண்ணாம்பு நீரிலோ பி.எச். 12-ஐத் தாண்டும், எதிர் மின்னூட்டம் ஏறிய புரதம், நேர் மின்னூட்டமுள்ள கால்சியத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கொத்தனார்கள் இந்தப் பிடிப்பைக் கைப்பழக்கமாகவே அறிந்திருந்தார்கள்.

இதே முட்டைப் புரதம் வேறொரு கதையையும் தொடங்கிவைத்தது.

சுவீடனின் உப்சாலாவில் வேதியியலாளர் ஆர்னே டிசேலியஸ், வளைந்த குழாயில் ரத்த நீரை ஊற்றி மின்சாரம் பாய்ச்சினார். மின்னூட்டத்துக்கு ஏற்ற வேகத்தில் புரதங்கள் நகர்ந்து, அல்புமின், ஆல்பா, பீட்டா, காமா என்று பிரிந்து நின்றன. அவரும் அமெரிக்கரான எல்வின் கபாட்டும் முட்டை அல்புமின் ஊசி போட்ட முயல்களின் ரத்த நீரை எடுத்தார்கள். அதில் மறுபடி முட்டை அல்புமினைக் கலந்தபோது, ஆன்டிபாடிகள் (உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள்) அதைப் பற்றிக்கொண்டு வீழ்படிவாயின. எஞ்சிய நீரைக் குழாயில் ஓட்டியதும் காமா பகுதி மட்டும் பெரிதும் சுருங்கியிருந்தது. ஆன்டிபாடி இருக்குமிடம் 1939-இல் இப்படித்தான் பிடிபட்டது. எவ்வளவு எளிய, எவ்வளவு அழகான சோதனை!

டிசேலியஸுக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஜூலை 25 அன்று, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த இடம் அது.

இன்று ஆன்டிபாடி மருந்து தயாரிப்பவர்களுக்கு மின்னூட்டம் அன்றாடக் கவலை. பெரும்பாலான மருந்துகளைச் சற்றே புளிப்பான, பி.எச். 6-ஐ ஒட்டிய கரைசலில் வைக்கிறார்கள். அங்கே மூலக்கூறுகள் பெரும்பாலும் நேர் மின்னூட்டம் ஏறி ஒன்றையொன்று தள்ளி நிற்கும், எளிதில் திரண்டு கட்டியாகாது. ஒரு மூலக்கூறின் மேனியில் எதிர் மின்னூட்டம் ஓரிடத்தில் குவிந்துவிட்டால், அடர்த்தியான மருந்து பாகுபோல இறுகி ஊசியில் ஏற மறுக்கும். நேர் மின்னூட்டம் மிஞ்சினாலும் தொல்லைதான்: செல்களின் எதிர் மின்னூட்டப் பரப்பில் ஒட்டிக்கொண்டு, மருந்து ரத்தத்திலிருந்து சீக்கிரம் மறைந்துவிடும். அதனால் ஓரிரு அமினோ அமிலங்களை மாற்றி, இந்தக் கணக்கை முன்கூட்டியே சரிசெய்கிறார்கள்.

அந்த வெள்ளைக்கருப் பூச்சு இருக்கும் செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளோ இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. தேக்குக்கும் கதவுக்கும் விலை பேசுகிறவர்கள் காரையைக் குப்பையில் கொட்டுகிறார்கள். கொத்தமங்கலத்திலோ பக்கத்து ஊரிலோ சுவரில் கடப்பாரை வைக்கும் முன், உள்ளங்கை அளவு காரையாவது பெயர்த்துப் பத்திரப்படுத்துங்கள்; அந்தப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார் இருந்தால், அவர் சொல்லும் பக்குவத்தை எழுதிவையுங்கள்.