விழுப்புரம் – திண்டிவனம் சாலையும் மோட்டார் சைக்கிள் சஸ்பென்ஷனும்

மோட்டார் சைக்கிளின் சக்கரத்தையும் சட்டத்தையும் இணைத்து, சாலையின் மேடுபள்ளங்களுக்கு ஏற்பச் சக்கரம் மேலும் கீழும் அசைய இடம் கொடுக்கும் அமைப்பே சஸ்பென்ஷன். மெக்கானிக் கடைகளில் முன்னால் இருப்பது ஃபோர்க், பின்னால் இருப்பது ஷாக் அப்சார்பர், சுருக்கமாக ஷாக். இடுப்பு வலிக்காமல் இருப்பதற்காகத்தான் இவை என்று பலரும் நினைக்கிறார்கள். அது இரண்டாவது வேலை. டயரைத் தரையை விட்டு எழ விடாமல் வைத்திருப்பதே முதல் வேலை. அந்தரத்தில் சுழலும் சக்கரத்துக்குப் பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்காது, ஹேண்டிலைத் திருப்பினாலும் திரும்பாது.

இதற்குள் இரண்டு பொருள்கள் வேலை செய்கின்றன. ஒன்று ஸ்பிரிங், அது அடியை வாங்கிக்கொள்கிறது. ஆனால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் விடாது. வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்துக்கு வண்டி ஐந்தாறு முறை குதிக்கும். அந்தக் குதிப்பை அடக்குவது எண்ணெய். சிறு துளைகள் வழியாக எண்ணெயை நெருக்கித் தள்ளும்போது இயக்க ஆற்றல் வெப்பமாகி வெளியேறுகிறது. இதைத் தணிப்பு என்கிறோம். மெக்கானிக்குகள் டேம்பிங் என்பார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இக்கட்டுரையில் பாதி புரிந்ததுபோல.

ஸ்பிரிங் இல்லாத பின் சக்கரம்

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் பின் சக்கரம் சட்டத்தோடு நேரடியாகப் பூட்டப்பட்டிருந்தது. இருக்கைக்கு அடியில் இருந்த இரண்டு ஸ்பிரிங்குகளே ஓட்டுபவருக்குக் கிடைத்த ஒரே சலுகை. அவை முதுகைக் காத்தன. டயரைத் தரையில் வைத்திருக்க எதுவும் செய்யவில்லை. முன்னால் கிர்டர் ஃபோர்க் என்ற பழைய வகை இருந்தது. 1935இல் பிஎம்டபிள்யூ நிறுவனம், எண்ணெய்த் தணிப்புடன் கூடிய, குழாய்க்குள் குழாய் நுழையும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைத் தன் வண்டிகளில் பொருத்தி விற்றது. இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்தின் மேட்ச்லெஸ் இராணுவ வண்டிகளுக்கும் அதே வகை ஃபோர்க் வந்தது. போர் முடிந்தபின் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

பின் சக்கரத்துக்கு விடிவு வந்த கதையில் நமக்குச் சொந்தமான பெயர் ஒன்று உண்டு: ராயல் என்ஃபீல்டு புல்லட். 1948இல் ஸ்விங் ஆர்ம் எனப்படும் அசையும் கையும் எண்ணெய்த் தணிப்புள்ள இரண்டு ஷாக்குகளும் கொண்ட புல்லட்டின் மாதிரி வண்டிகள் போட்டிகளில் இறக்கப்பட்டன. அன்றைய பந்தயக்காரர்களில் பலர் இதைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். பின் சக்கரம் ஆடினால் பிடிப்பு போய்விடும் என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் பன்னாட்டுப் போட்டியில் இந்த வண்டிகளை ஓட்டிய இருவர் தங்கப் பதக்கம் பெற்றார்கள். வாதம் அத்தோடு தளர்ந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1950இல், அயர்லாந்தின் ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்த ஸ்விங் ஆர்ம் சட்டத்துடன் நார்ட்டன் பந்தய வண்டிகள் வந்தன. ஓட்டிப் பார்த்த வீரர் ஹரோல்ட் டேனியல் இறகு மெத்தையில் உட்கார்ந்தது போல் இருக்கிறது என்ற பொருளில் சொன்னார். அதுவே அந்தச் சட்டத்தின் பெயராகிவிட்டது.

திருவொற்றியூரிலிருந்து தெற்கே

1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் 350 சிசி புல்லட்டுகள் உருவாயின. அதற்கு முன்பே இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்குப் புல்லட்டை வாங்கத் தொடங்கியிருந்தது. மலைப்பாதையில் உடையாத வண்டிதான் அவர்கள் தேடியது. காவல் நிலையம், மின்வாரியம், கிராமத்துப் பண்ணையார் வீடு என அது நம் ஊர்களுக்குள் நுழைந்ததும் அதே காரணத்துக்காகத்தான்.

சென்னையிலிருந்து செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம் வழியாகத் திருச்சி செல்லும் சாலையை ஜி.எஸ்.டி. சாலை என்றும் என்.எச். 45 என்றும் சொன்னோம். (இப்போது எண்கள் மாறிவிட்டன; திண்டிவனம்–விழுப்புரம் பகுதிக்கு 132.) என் இளமையில் அது இருபுறமும் புளியமரம் நின்ற ஒற்றைச் சாலை. எதிரே லாரி வந்தால் மண்ணில் இறங்க வேண்டும். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே அரை அடிப் பள்ளம் இருக்கும். கரும்புப் பருவத்தில் முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் மாட்டு வண்டிகள் பாதிச் சாலையை எடுத்துக்கொள்ளும். மணிக்கு 40, 50 கிலோமீட்டருக்கு மேல் யாரும் போனதில்லை. அந்த வேகத்தில், அந்தப் பள்ளங்களில், மென்மையான ஸ்பிரிங்கும் எளிய எண்ணெய்த் துளையும் போதுமானவையாக இருந்தன. பழைய புல்லட்டை இன்றும் பெரியவர்கள் புகழ்வது வெறும் ஏக்கம் அல்ல. அன்றைய சாலைக்கும் வேகத்துக்கும் அது பொருந்தியிருந்தது.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் பழைய வண்டி ஒன்று வைத்திருந்தேன். ஒரு பக்க ஃபோர்க்கில் சீல் போய் எண்ணெய் கசிந்தது. துணியால் துடைத்துவிட்டு மாதக்கணக்கில் ஓட்டினேன். ஒரு மழை நாளில் கூட்டேரிப்பட்டு அருகே, பின்னால் சக ஆசிரியரும் மடியில் விடைத்தாள் கட்டும் இருக்க, சிறுபாலத்து மேட்டில் ஏறி இறங்கிய முன் சக்கரம் தொடர்ந்து குதித்தது. பிரேக் பிடித்தேன்; பிடிக்க வேண்டிய டயர் தரையில் இல்லை. வயல் சேறு காப்பாற்றியது. நண்பருக்கு மணிக்கட்டு முறிந்தது. தணிப்பு என்றால் என்ன என்பதைப் பி.எட். படிப்பு எனக்குச் சொல்லித்தரவில்லை, அந்தச் சிறுபாலம் சொல்லித்தந்தது.

சோழவரம்

சாலை இப்படி இருக்க, சென்னைக்கு வடக்கே வேறொரு தளம் இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. கார்களோடு நார்ட்டன், டிரையம்ஃப், புல்லட், பிற்காலத்தில் ராஜ்தூத் 350, ஆர்எக்ஸ் 100 ஆகியவையும் ஓடின. விமானத்துக்காகப் போட்ட நேர்த்தளத்தில் முழு வேகத்தில் வந்து, முனையில் கடுமையாகப் பிரேக் பிடித்துத் திரும்ப வேண்டும். அப்போது எடை முழுவதும் முன்னால் சாயும். மென்மையான ஃபோர்க் அடிவரை அமுங்கிவிடும். அமுங்கிய ஃபோர்க்குக்கு அடுத்த மேட்டை வாங்க இடம் இருக்காது. ஆகவே பந்தயக்காரர்கள் கெட்டியான எண்ணெய் ஊற்றினார்கள், ஸ்பிரிங்கை மாற்றினார்கள். ஓசூரில் 1982இல் தொடங்கிய டிவிஎஸ் பந்தய அணி போன்றவை பின்னர் இதை முறையான சோதனையாக்கின.

1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட தளம் திறந்தது. நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். கோவை செட்டிப்பாளையத்தில், 1995இல் விமான விபத்தில் இறந்த கரிவரதன் பெயரால் 2.1 கிலோமீட்டர் தளம் 2003இல் வந்தது. பந்தயத்தில் கற்றது சாலை வண்டிக்கு வருவதற்கான வழி தமிழ்நாட்டுக்குள்ளேயே அமைந்துவிட்டது.

ஒற்றை ஷாக்கும் நான்கு வழிச் சாலையும்

பின்னால் இரண்டு ஷாக்குக்குப் பதில் ஒன்றை நடுவில் வைக்கும் முறையை பெல்ஜியத்தின் லூசியன் டில்கன்ஸ் உருவாக்கினார். யமஹா அதை வாங்கி மேம்படுத்தியது. 1973இல் ஸ்வீடன் வீரர் ஹோக்கன் ஆண்டர்சன் அந்த வண்டியில் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். 1976இல் அதே நாட்டின் கென்ட் ஓலின் தன் பெயரில் ஷாக் தயாரிக்கத் தொடங்கினார். இன்று இளைஞர்கள் பெருமூச்சோடு சொல்லும் ஓலின்ஸ் அதுதான்.

நம் நாட்டில் 2008இல் வந்த யமஹா ஆர்15, எஃப்இசட் வண்டிகளால் ஒற்றை ஷாக் பரவலாயிற்று. ராயல் என்ஃபீல்டு தன் முதல் ஒற்றை ஷாக் வண்டியான ஹிமாலயனை 2016இல் கொண்டுவந்தது. எண்ணெயோடு நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்த ஷாக்குகளும் இக்காலத்தில் சாதாரணமாயின. வேகமாக அசையும்போது எண்ணெயில் நுரை கட்டினால் தணிப்பு போய்விடும். வாயு அழுத்தம் அதைத் தடுக்கிறது.

இதே காலத்தில்தான் நம் சாலையும் மாறியது. 2000க்குப் பின் படிப்படியாகத் தாம்பரம் முதல் திண்டிவனம், பிறகு விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டை வரை நான்கு வழி வந்தது. புளியமரங்கள் போயின. 40இல் போனவர்கள் 100இல் போகிறார்கள். 100 என்றால் நொடிக்கு 28 மீட்டர். முன்பு பெரிய பள்ளத்தை மெதுவாகக் கடந்தோம். இன்று மேம்பாலத்து இணைப்பின் ஓர் அங்குல விளிம்பை மிக வேகமாகக் கடக்கிறோம். ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய்க்கு இவை முற்றிலும் வேறு நிகழ்வுகள். வெறும் துளை வழியே எண்ணெய் தள்ளும் பழைய ஃபோர்க்கில், வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது மெல்ல அமுங்குகையில் எதிர்ப்பே இருக்காது. கூர்மையான விளிம்பு அடிக்கும்போது ஃபோர்க் இறுகிக் கட்டை போலாகிவிடும். இரண்டு நேரத்திலும் தேவைக்கு நேர் எதிராக நடக்கும். மெல்லிய வளையத் தகடுகள் வளைந்து வழிவிடும் கார்ட்ரிட்ஜ் வகை ஃபோர்க் இதற்காகவே வந்தது. பந்தயத்திலிருந்து சாலைக்கு வந்த பொருள்களில் எனக்கு மிகப் பயனுள்ளதாகத் தோன்றுவது இதுதான்.

மேம்படுத்துதல் என்பது எது

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மேம்படுத்துதல் என்ற பெயரில் நான் அதிகம் பார்ப்பது வேறு. வண்டியைத் தாழ்த்துவது, ஃபோர்க்குக்குள் கட்டை வைத்து இறுக்குவது, பின் ஷாக்கைக் கடைசிப் படி வரை முறுக்குவது. பந்தய வண்டி கடினமாக இருக்கும், ஆகவே கடினமானது பந்தய வண்டி என்ற தலைகீழ்க் கணக்கு.

முதலில் அளக்க வேண்டும். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து இருக்கைக்குக் கீழே ஒரு புள்ளிவரை டேப் வைத்து அளவு எடுங்கள். வண்டியை இறக்கி, வழக்கமான உடையில் ஏறி உட்கார்ந்து மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசத்தை ஆங்கிலத்தில் சேக் என்பார்கள், தொய்வு எனலாம். சக்கரம் மொத்தம் 120 மில்லிமீட்டர் அசையுமானால், சாலைக்கு 30 முதல் 40 வரை தொய்வு இருக்கலாம். பந்தயத் தளத்தில் சற்றுக் குறைவு. தொய்வே இல்லாமல் முறுக்கிவிட்டால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க முடியாது. பள்ளத்தின் மேல் அது காற்றில் போகும்.

ஷாக்கின் படிகளை முறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிறது என்பது மிகப் பரவலான தவறு. இயற்பியல் ஆய்வகத்தின் சுருள்வில் தராசை நினைத்துப் பாருங்கள். அதில் முன்பே ஒரு எடையைத் தொங்கவிட்டாலும், மேலும் ஒரு சென்டிமீட்டர் நீளத் தேவையான கூடுதல் எடை மாறுவதில்லை. ஹூக் விதி அதுதான். முறுக்குவதால் வண்டி நிற்கும் உயரமே மாறுகிறது. மனைவியும் அரிசி மூட்டையும் ஏறும்போது இரண்டு படி முறுக்குவதும், தனியாகப் போகும்போது தளர்த்துவதும் அதற்காகத்தான். இந்தச் செலவில்லாத வேலையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் ஷாக் வாங்குபவர்கள் உண்டு. உடல் எடைக்கு ஸ்பிரிங்கே பொருந்தாதபோதுதான் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும்.

அடுத்தது எண்ணெய். ஃபோர்க் எண்ணெய் வெப்பத்தில் கெடும், தேய்மானத் துகள் சேரும். சீல் கசியும்வரை யாரும் அதை மாற்றுவதில்லை, என்னைப்போல. புது எண்ணெயைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கும் கெட்டிக்கும் ஊற்றினாலே பாதி வண்டிகள் திருந்திவிடும். அளவு கூடினால் எண்ணெய்க்கு மேல் உள்ள காற்றிடம் சுருங்கி, அதுவே இன்னொரு ஸ்பிரிங்காகி ஃபோர்க்கைக் கடினமாக்கும். இவற்றுக்குப் பிறகே கார்ட்ரிட்ஜ், விலையுயர்ந்த ஷாக் பற்றிய பேச்சு. சட்டத்தை வெட்டி ஒட்டுவதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தராது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சாலையும் தளமும் கேட்பவை வேறு. தளத்தில் ஒருவர் மட்டுமே அமர்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் அதே வளைவு, அதே மேடு. எங்கே பிரேக் பிடிப்போம் என்று முன்பே தெரியும். சாலையில் நாய் குறுக்கே வரும், மணல் கொட்டியிருக்கும், பின்னால் ஒருவர் இருப்பார். 2021இல் தொடங்கிய கான்டினென்டல் ஜிடி கோப்பைக்கு ராயல் என்ஃபீல்டு தன் 650 வண்டியின் சஸ்பென்ஷனைக் கடினமாக்கித் தந்தது. அதே ஆண்டு டிவிஎஸ், அப்பாச்சி ஆர்ஆர் 310 வண்டியை வாங்குபவர் விரும்பினால், சரிசெய்யும் திருகுகளுள்ள முன், பின் சஸ்பென்ஷனோடு தர ஆரம்பித்தது. முன்னது தளத்துக்கு மட்டுமானது. பின்னதை இரண்டு இடத்துக்கும் திருப்பிக்கொள்ளலாம்.

விழுப்புரத்து இளைஞர்கள் சிலர் இருங்காட்டுக்கோட்டையில் பயிற்சி நாட்களுக்குச் சொந்த வண்டியிலேயே போகிறார்கள். சிங்கபெருமாள் கோயிலில் திரும்பி, ராயல் என்ஃபீல்டு ஆலை இருக்கும் ஒரகடம் வழியே விடியற்காலையில் சேர்ந்துவிடலாம். என்னிடம் படித்த ஒருவர் பெட்ரோல் டேங்க்கின் மேல் ஒரு சிறு காகிதத்தை ஒட்டி வைத்திருக்கிறார். முன் ஃபோர்க், பின் ஷாக், ஒவ்வொரு திருகும் எத்தனை கிளிக் என்று இரண்டு வரிசை: ஒன்று தளத்துக்கு, ஒன்று வீட்டுக்கு. மாலையில் கிளம்பும் முன் திருகாணியை எடுத்து இரண்டாம் வரிசைக்குத் திருப்பிவிட்டுத்தான் ஜி.எஸ்.டி. சாலையில் ஏறுகிறார்.